ஆறுவதற்குள் பாருங்கள்

“நேத்து மத்தியானம் கிரிவலப் பாதையில நின்னுச்சு சார். எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சும் எடுக்கல. இன்னைக்குக் காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடுச்சு. மெக்கானிக் பெட்ரோல் பம்ப்பை மாத்தலாம்ங்கறாரு. மாத்திடட்டுமா?”

செங்கம் சாலை டீக்கடை பெஞ்சில் பழைய அம்பாசிடர்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். நின்ற இடத்தில், வண்டி கொதித்துக்கொண்டிருந்தபோது, பிளக்குக்குக் கரண்ட் வந்ததா என்று யாராவது பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் பம்ப்பையும் மாற்ற வேண்டாம், கார்பரேட்டரையும் மாற்ற வேண்டாம். சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுகிற வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு நல்ல வண்டியாகத்தான் வந்து சேரும். அங்கே எதைக் கழற்றிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும். மெக்கானிக்கும் பாவம், என்ன செய்வார்? ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றுவார். காசு உங்களுடையது.

நோய் தெரிவதெல்லாம் நின்ற முதல் பத்து நிமிடத்தில்தான். அந்தப் பத்து நிமிடத்தை நாம் செல்ஃப் அடித்தே வீணாக்குகிறோம். கூடவே பேட்டரியும் இறங்கிவிடுகிறது. பிறகு ஒன்றுக்கு இரண்டு நோய்.

நம் ஊரில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. அக்னித் தலம் என்பதால் அல்ல. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக 190 கிலோமீட்டரும் வண்டி காற்றை வாங்கிக்கொண்டு வருகிறது. ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிற கூட்டத்தின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குள் எதிர்க்காற்று புகுவதில்லை. அம்பாசிடரின் விசிறி என்ஜினோடு பெல்ட்டில் சுற்றுவது. என்ஜின் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். பானெட்டுக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டில் முதலில் சோர்வது பெட்ரோலா, கரண்டா என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் அம்பாசிடரைப் பற்றி ஒரு வார்த்தை. 1957 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான வண்டி அது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. நெடுங்காலம் அதில் ஓடியது 1489 சிசி பெட்ரோல் என்ஜின். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. கரண்ட் சரியான நேரத்தில் வர வேண்டும், பெட்ரோல் சரியான அளவில் வர வேண்டும், அவ்வளவுதான். ஆகவே எது வரவில்லை என்பதைச் சாலையோரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஃபியட்டுக்கும் கார்பரேட்டர் வைத்த மாருதி 800-க்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

முதலில் செல்ஃப் சுற்றுகிறதா என்று பாருங்கள். ‘டிக்’ என்று மட்டும் சத்தம் வந்தாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் பாருங்கள். உப்புப் பூத்திருந்தால் சுரண்டி முறுக்குங்கள். ஹாரன் கம்மிப்போய் ஒலித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஓடும்போதே டைனமோ சார்ஜ் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இது எளிய வழக்கு, இதில் நேரம் செலவிட வேண்டாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால்தான் நமக்கு வேலை.

அடுத்தது மூக்கு. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால் கரண்ட் சோதனையைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பொறி போதும், வண்டி எரிந்துவிடும். அப்படி வாசனை அடிப்பது பெட்ரோல் அதிகமாகிவிட்டதற்கு அடையாளம். சூடான என்ஜினை நிறுத்தியதும் தண்ணீரும் காற்றும் ஓடுவது நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கிற சூடு எங்கும் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. அம்பாசிடரில் எக்ஸாஸ்டும் கார்பரேட்டரும் ஒரே பக்கம் இருப்பதால் கார்பரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து வழிந்து உள்ளே இறங்குகிறது. செஞ்சியில் காபிக்கு நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காமல் சண்டித்தனம் செய்வது இதனால்தான். பானெட்டைத் திறந்து வைத்து, வாசனை கலையும்வரை காத்திருங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடக்கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும்.

வாசனை இல்லையா? இப்போது கரண்ட். காயிலிலிருந்து வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இறங்கும் தடித்த வயரை உருவுங்கள். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, அதன் நுனியை என்ஜினின் வெற்று இரும்பிலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, ‘சடக் சடக்’ என்று சத்தத்தோடு பொறி தாவினால் காயில் வரை நலம். மஞ்சளாக, நூல் மாதிரி மெலிந்து வந்தாலோ, வரவே வராவிட்டாலோ நோய் கரண்ட் பக்கம். இந்த ஒரு சோதனை போதும், பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம்.

பொறி மெலிந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, செல்ஃப் சுற்றும்போது உள்ளே திறந்து மூடும் பாயின்ட்டைப் பாருங்கள். நன்றாக இருக்கும் பாயின்ட்டில் பொறி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அங்கே தடித்த பொறி பறந்தால் குற்றவாளி பெரும்பாலும் கண்டென்சர். விரல் நுனி அளவுள்ள சிறிய தகரக் குப்பி அது. அதன் வேலை இதுதான்: பாயின்ட் திறக்கும் கணத்தில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் கிடைக்கும். கண்டென்சர் இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் பாயின்ட்டிலேயே பொறியாகத் தாவி வீணாகிறது. பிளக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். நாலு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் பாயின்ட் 4000 தடவை திறந்து மூடுகிறது. அத்தனை தடவையும் இந்தக் குப்பிக்கு வேலை. பழசாகிவிட்டால் உள்ளே சுருட்டி வைத்த தகடு சூட்டில் தொடர்பு விடும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேற்று நின்று இன்று ஓடுகிற வண்டி என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான். விலையும் பெரிதில்லை. ஆனால் புதிய பம்ப், புதிய கார்பரேட்டர், புதிய பிளக் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் பலர் இதனிடம் வருகிறார்கள்.

பாயின்ட்டில் பொறியே இல்லையா? ஒன்று, பாயின்ட் திறக்கவில்லை. அதன் ஃபைபர் தேய்ந்தால் இடைவெளி குறைந்துகொண்டே வந்து ஒருநாள் மூடியபடியே நின்றுவிடும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். கேஜ் இல்லாத இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்து வீடு வந்து சேரலாம். அல்லது, காயில் உள்ளே அறுந்து போகிறது. காயிலும் சூட்டில் விட்டுப் போகும், ஆறினால் ஒட்டும். வண்டி நின்றதும் சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்க்கிறேன். பாயின்ட் மூடிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் அத்தனை நேரமும் காயிலில் கரண்ட் ஓடும், கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். ஆறவிட நினைத்தவர் அவித்துக்கொண்டிருக்கிறார்.

கரண்ட் நீலமாக வருகிறது என்றால் பெட்ரோலைப் பாருங்கள். வயரைத் திரும்ப மாட்டி, சாவியை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்பரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். பீடியை முதலில் அணைத்துவிட்டு. ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால் இழுத்தால் உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பீய்ச்சவில்லை என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஏன்?

நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலும் ஏர்லாக். பெயர் அப்படி இருந்தாலும் உள்ளே அடைப்பது காற்று அல்ல, பெட்ரோலின் ஆவி. பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அம்பாசிடரில் டேங்க் பின்னால், பம்ப் முன்னால் என்ஜினிலேயே. வண்டி நீளத்துக்குப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிப்பு இன்னும் சீக்கிரம். பம்ப்புக்குள் ஆவி புகுந்துவிட்டால், தண்ணீர் ஊற்றாமல் அடிக்கும் அடிபம்பு மாதிரி கை மட்டும் ஏறி இறங்குமே தவிர ஒன்றும் வராது. பழைய டாக்ஸி டிரைவர்கள் டிக்கியில் ஒரு துணியும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தது இதற்குத்தான். துணியை நனைத்துப் பம்ப்பின் மேல் போர்த்தி, கொஞ்ச நேரம் கழித்து செல்ஃப் அடித்தால் எடுத்துவிடும். துணி பம்ப்பின் மேல் மட்டும். கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் தண்ணீர் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ரேடியேட்டர் மூடியையும் சூட்டில் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

ஈரத்துணி போட்டதும் எடுத்தால் ஏர்லாக் என்பது உறுதி. எடுக்கவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி எடுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பூட்டுப் போட்ட புது மூடி மாட்டியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அதுவும் இல்லை என்றால்தான் ஃபில்டர், பைப், கடைசியாகப் பம்ப்பின் டயஃப்ரம்.

டயஃப்ரம் விஷயத்தில் இப்போது புதிய தலைவலி ஒன்று சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளுக்கானவை. அம்பாசிடரின் பழைய ஹோஸும் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பும், இறுகும், வெடிக்கும். டேங்கின் பழைய கசடு கரைந்து ஃபில்டரிலும் ஜெட்டிலும் வந்து அடைக்கும். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பதால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் டேங்க் அடியில் தண்ணீர் சேரவும் செய்யும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. இதற்கு நோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டீசல் அம்பாசிடருக்கு இதெல்லாம் பொருந்தாது. அதில் பொறியே கிடையாது. அங்கே லைனில் நிஜமாகவே காற்று புகும். கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும்.

சான்ட்ரோ, பிந்தைய எஸ்டீம், பிந்தைய மாருதி 800 போன்ற இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் மேலே சொன்ன வயர் சோதனையைச் செய்யாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் கெட்டுவிடும். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்று முனக வேண்டும். முனகவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். முனகுகிறது, செல்ஃபும் சுற்றுகிறது, ஆனால் ஆர்பிஎம் முள் அசையாமல் கிடக்கிறது என்றால் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படலாம். அதுவும் கண்டென்சரைப் போலவே சூட்டில் செத்து, ஆறினால் உயிர்க்கிற சாதி.

ஆகவே பம்ப்பை மாற்றலாமா என்று கேட்ட நண்பருக்கு என் பதில்: இப்போது வேண்டாம். ஒரு கண்டென்சர், ஒரு பாயின்ட் செட், பிளக் ஸ்பேனர், ரப்பர் பிடி இடுக்கி, பழைய துணி, தண்ணீர் பாட்டில், இவற்றை டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை நின்றால் கரண்டையும் பெட்ரோலையும் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் செய்யுங்கள். “சூட்டில் நின்றது, பொறி நீலமாக வந்தது, கார்பரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சவில்லை, ஈரத்துணி போட்டதும் எடுத்தது” என்று நீங்கள் சொன்னால் நல்ல மெக்கானிக் அதற்கு மேல் கேள்வி கேட்க மாட்டார். பௌர்ணமிக்குப் பழைய வண்டியில் வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து சேர்ந்து, வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள்.