ஓடும் உலோகம்: இரசத்தை அறிந்துகொள்ளுங்கள்



இரும்பு, செம்பு, வெள்ளி, பொன் என்று வல்ல நாயன் நமக்கு எத்தனையோ உலோகங்களைத் தந்திருக்கின்றான். அவையெல்லாம் திண்மங்கள். நெருப்பிலிட்டு உருக்கினால்தான் ஓடும். ஆனால் இரசம் அப்படியல்ல. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் திரவமாக இருக்கும் உலோகம் அது ஒன்றுதான். பேச்சு வழக்கில் நாம் பாதரசம் என்கிறோம். உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலில் இரசம் என்றிருக்கும். அதன் குறியீடு எச்.ஜி.; அணுவெண் 80.

இந்த உலோகத்தைப் பற்றி வீட்டுப் பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்பீர்கள். காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியிலும், முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சில கிறீம்களிலும் அது நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆகவே அதன் குணங்களை அறிந்துகொள்வது நமக்கு அவசியம்.

முன்னோர் கண்ட இரசம்

சாதிலிங்கம் எனும் சிவப்புக் கல்லைச் சூடாக்கி இரசத்தைப் பிரித்தெடுப்பார்கள். அக்கல் இரசமும் கந்தகமும் சேர்ந்த சேர்வை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் நூல்கள், எல்லா உலோகங்களும் இரசமும் கந்தகமும் கலந்து உண்டானவை என்று கூறின. அக்கருத்து பின்னர் பிழையெனத் தெரிந்தாலும், பொருள்களைச் சூடாக்கியும் வடித்தும் பரிசோதித்துப் பார்க்கும் பழக்கத்தை அந்நூல்கள் வளர்த்தன.

ஸ்பெயினில் உலகின் மிகப் பெரிய இரசச் சுரங்கம் இருந்த ஊர் அல்மாதேன். ‘சுரங்கம்’ என்று பொருள்படும் ‘அல்மஃதின்’ என்ற அரபுச் சொல்லே அந்த ஊரின் பெயராயிற்று. குர்துபாவுக்கு அருகே கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய மதீனதுஸ் ஸஹ்ரா மாளிகையில் இரசம் நிரப்பிய தடாகம் ஒன்று இருந்ததாகவும், அது அசையும்போது மண்டபமெங்கும் ஒளி சிதறியதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அதன் பௌதிக குணங்கள்

இரசம் பூச்சியத்துக்குக் கீழே 39 பாகையளவில்தான் உறைகிறது. 357 பாகையளவில் கொதிக்கிறது. அதன் அணுக்கள் தம் வெளி இலத்திரன்களை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் ஒன்றோடொன்று பலமாகப் பிணைவதில்லை. திரவமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாரமோ மிக அதிகம். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லீட்டர் இரசம் பதின்மூன்றரைக் கிலோ. இரும்பு ஆணியை அதில் போட்டால் மிதக்கும். பொன் மோதிரமோ அமிழ்ந்துவிடும்.

தண்ணீரைப்போல அது கண்ணாடியை நனைப்பதில்லை. மேற்பரப்பு இழுவிசை மிகுதியால் முத்து முத்தாகத் திரண்டு உருளும். சூடேறும்போது சீராக விரிவடையும். இவ்விரு குணங்களும் வெப்பமானிக்கு உகந்தவை. இத்தாலியரான டொரிசெல்லி 1643இல் வளியமுக்கத்தை அளக்கவும் இரசத்தையே பயன்படுத்தினார். இரத்த அழுத்தத்தை டொக்டர்மார் மில்லிமீற்றர் இரசம் என்ற அலகில் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு குணம் கண்ணுக்குத் தெரியாதது. சூடாக்காமலே, சாதாரண அறையிலேயே இரசம் சிறிது சிறிதாக ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. சுவாசித்தால் அதில் பெரும் பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது, இரத்தத்தில் சேர்ந்துவிடும். அது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

நகையைத் தின்னும் உலோகம்

இரசம் பொன், வெள்ளி, செம்பு, ஈயம் போன்றவற்றோடு எளிதில் கலந்து இரசக்கலவையாகிவிடும். பொன் வளையலில் ஒரு துளி பட்டால் அந்த இடம் வெள்ளையாகி, பின் நொய்ந்துபோகும். அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படையைக் குலைத்து அதை அரித்துவிடும். இதனால் விமானத்தில் இரசம் கொண்டுசெல்லக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. இரும்போடு எளிதில் கலப்பதில்லை. வியாபாரிகள் அதை இரும்புக் குடுவைகளில் அடைத்து வைத்தது அதனால்தான்.

வெப்பமானி உடைந்தால்

முதலில் பிள்ளைகளை அறையை விட்டு வெளியேற்றுங்கள். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்துங்கள். நகைகளைக் கழற்றிவிட்டுக் கையுறை அணியுங்கள். தடித்த கடதாசியால் துளிகளை ஒன்றுசேர்த்து ஒரு போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். நுண்ணிய துளிகளை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுங்கள். துடைப்பம் துளிகளைச் சிதறடிக்கும். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஆவியைப் பரப்பும். இரண்டும் வேண்டாம். குசினித் தொட்டியிலோ கழிவறையிலோ ஊற்றவும் கூடாது. ஒரு நாள் முழுதும் காற்றோட்டமாக விடுங்கள்.

பிள்ளை ஒரு துளியை விழுங்கிவிட்டால் பதறாதீர்கள். உலோக இரசம் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஆயினும் டொக்டரிடம் காட்டுங்கள்.

மணப்பெண்ணின் கிறீம்

பெரிய கவலை இதுவே. இரச உப்புக்கள் தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். ஆகவே பூசுவதை விட மனம் வராது. இதற்கிடையில் இரசம் தோலினூடே உள்ளே சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். துவாய், தலையணை வழியாக வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அது பரவக்கூடும்.

கலியாணம் பேசியதும் பெண்ணை வெளுக்க வைக்கவேண்டும் என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பெயரறியாத கிறீம்களை மாமியோ மச்சியோ வாங்கிக் கொடுப்பதும் உண்டு. தயாரித்தவரின் முகவரியோ சேர்மானப் பட்டியலோ இல்லாததைத் தொடவே வேண்டாம். ‘கலோமெல்’, ‘மேர்குரி’ என்ற சொற்களைப் பட்டியலில் தேடுங்கள். ‘பொன், வெள்ளி நகைகளில் படவிடாதீர்’ என்று எச்சரிக்கை இருந்தால் உடனே சந்தேகியுங்கள். மேலே சொன்ன இரசக்கலவையின் குணம்தான் அந்த எச்சரிக்கைக்குக் காரணம். நகைக்கு ஆகாதது நம் மகளின் முகத்துக்கு ஆகுமா?

ஏற்கெனவே பூசி வந்தவர் உடனே நிறுத்தி, டொக்டரிடம் சொல்லிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமதிக்கவே கூடாது.

ஈராக்கின் ரொட்டி

இரசத்தின் சேர்வைகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று மெதைல் இரசம். ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவோடு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதரை அடைந்தது. அந்நோய் 1956இல் வெளிப்பட்டது. 1971இல் ஈராக்கில் விதைப்பதற்கென மெதைல் இரசம் பூசிக் கொடுக்கப்பட்ட கோதுமையைக் குடும்பங்கள் அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டன. சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று சிலர் எண்ணினர். சாயம் போனது, நஞ்சு போகவில்லை. 6,500க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 459 பேர் இறந்தனர்.

மினமாட்டாவின் பெயரால் 2013இல் உருவான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்துள்ளது. ஆனால் நம் வீட்டு அலுமாரியைச் சோதிக்க எந்த உடன்படிக்கையும் வராது. அதை நாம்தான் செய்யவேண்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நிறமும் அவன் தந்ததே. இன்றே அலுமாரியைத் திறந்து, முகவரியில்லாத அந்தக் கிறீம் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள்.