ஸ்டேஷன் மாஸ்டர் தாமாவின் சட்டை

ஜப்பானில் வாகாயாமா நகரத்திலிருந்து கிளம்பும் ஒரு குட்டி ரயில், 14.3 கிலோமீட்டர் ஓடி கிஷி என்ற ஊரில் நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. 2007 ஜனவரியில் அந்தக் கடைசி ஸ்டேஷனுக்குப் புது ஸ்டேஷன் மாஸ்டர் பொறுப்பேற்றார். வயது ஏழு. தலைக்கு அளவெடுத்துத் தைத்த தொப்பி, கழுத்தில் பதவி பொறித்த வில்லை. சம்பளம், தீனி. பெயர் தாமா. பூனை.

1916-ல் கோயிலுக்குப் போகிறவர்களை நம்பித் தொடங்கிய பாதை அது. கார்கள் பெருகின, கூட்டம் குறைந்தது, நடத்தியவர்கள் கைகழுவினார்கள். 2006 ஏப்ரலில் வேறொரு கம்பெனி ஏற்று நடத்த வந்தது. செலவைக் குறைக்க கிஷி ஸ்டேஷனில் ஆளே இல்லாமல் செய்தார்கள். தாமாவும் மற்றப் பூனைகளும் படுத்திருந்த கொட்டகையும் போக வேண்டியதாயிற்று. ஸ்டேஷனை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்தவர், “இதுகளை ஸ்டேஷனிலேயே இருக்க விடுவீர்களா?” என்று கம்பெனித் தலைவரிடம் கேட்டார். இடம் கொடுத்த தலைவர், பிறகு தாமாவுக்குப் பதவியும் கொடுத்தார்.

அதைப் பார்க்கவே ஜனங்கள் ரயிலேறினார்கள். முதல் ஆண்டில் தாமாவால் அந்த வட்டாரத்துக்கு 110 கோடி யென் வரவு என்று பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் கணக்குப் போட்டார். 2010-ல் ஸ்டேஷனையே இடித்து, கூரையில் இரண்டு காது வைத்து, பூனை முகமாகக் கட்டினார்கள்.

தொப்பியைப் பார்த்தவர்கள் அதிகம். நாம் சட்டையைப் பார்ப்போம். தாமாவின் உடம்பில் கருப்பு, செவலை, வெள்ளை என்று மூன்று நிறம். ஜப்பானில் இந்த ரகத்துக்கு ‘மிகே’, அதாவது மூன்று மயிர், என்று பெயர். பூனை குறுக்கே போனால் நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நம்மூரில் உண்டு. ஜப்பானிய மாலுமிகளோ மிகே கப்பலில் இருந்தால் புயல் அண்டாது என்று நம்பினார்கள். அதிலும் ஆண் மிகே என்றால் கேட்கவே வேண்டாம். ஏனென்றால் அது கிடைக்காது. ஆயிரக்கணக்கில் ஒன்று தேறினால் அதிசயம்.

காரணம் எக்ஸ் குரோமோசோம். பூனையின் மயிரைச் செவலையாக்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் மரபணு அதில்தான் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ்; அது செவலை அல்லது கருப்பு, ஏதாவது ஒன்றுதான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று செவலையையும் மற்றது கருப்பையும் சுமக்கலாம்.

ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்வதில்லை. கிஷி ரயில் ஓடுவது ஒற்றைத் தடத்தில். ஒரு ரயில் போக வேண்டுமென்றால் எதிர் ரயில் ஒதுங்கி நிற்க வேண்டும். செல்லிலும் அப்படித்தான். கரு உருவான சில நாட்களில், ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுகிறது. எதை என்பதில் ஒழுங்கு இல்லை, பூவா தலையாதான். முடிவு செய்தபின் மாற்றமும் இல்லை. அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் அதையே பின்பற்றும். செவலைத் திட்டு ஒரு கூட்டத்தின் வம்சம், பக்கத்துக் கருப்பு இன்னொரு கூட்டத்தின் வம்சம். அபூர்வமான ஆண் மிகேக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் பூனை உண்டு. 1949-ல் கனடாவில் மர்ரே பார், தன் மாணவர் பெர்ட்ராமுடன் பூனைகளின் நரம்புச் செல்களை ஆராய்ந்தார். சில பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. குறிப்பேட்டைப் புரட்டினால், அத்தனையும் பெண். சுருட்டி வைக்கப்பட்ட எக்ஸ்தான் அந்தப் புள்ளி. 1961-ல் பிரிட்டனின் மேரி லயன் எலிகளைக் கொண்டு இந்த விதியைச் சொன்னார்.

செவலைக்கான மரபணு எது என்பது மட்டும் 2024 வரை பிடிபடவில்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. எக்ஸில் சுமார் 5,000 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அது போனதால், நிறமிச் செல்லில் தூங்க வேண்டிய மரபணு ஒன்று விழித்துக்கொள்கிறது; கருப்பு நிறமிக்குப் பதில் செவலை நிறமி உருவாகிறது. ஜப்பானியக் குழுவின் செலவுக்கு ஒரு கோடி யென்னுக்கு மேல் திரட்டித் தந்தவர்கள் பூனைப் பிரியர்கள்.

வெள்ளை தனிக்கதை. நிறமிச் செல்கள் கருவின் முதுகுப் பக்கம் பிறந்து உடல் முழுக்கப் பரவ வேண்டும். அவை போய்ச் சேராத இடம் வெளுத்துவிடும். மாட்டில் ‘மறை’ என்பார்களே, அதுபோல. மார்பும் வயிறும் பாதமும் முதலில் வெளுப்பது, அவை முதுகிலிருந்து தூரமாக இருப்பதால்தான்.

அப்படியானால் ஒரு மிகேயை அப்படியே நகலெடுக்க முடியுமா? தெரியாமலேயே அமெரிக்காவின் டெக்சாஸில் சோதித்துவிட்டார்கள். 2001 டிசம்பரில் பிறந்த முதல் குளோனிங் பூனைக்கு செல் கொடுத்தது ரெயின்போ என்ற மூவண்ணப் பூனை. குட்டியின் உடம்பிலோ செவலை மருந்துக்கும் இல்லை. எடுத்த அந்த ஒற்றைச் செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே சுருண்டிருந்தது. குளோனிங்கிலும் அது விழிக்கவில்லை.

2015 ஜூனில் தாமா இறந்தபோது ஷிண்டோ முறைப்படி சடங்கு நடந்தது. ஸ்டேஷனில் சிறு கோயிலும் எழுந்தது. அடுத்துத் தொப்பி அணிந்தது நிதாமா. ‘நி’ என்றால் இரண்டு. அதுவும் 2025-ல் போய்ச் சேர, யோன்தாமா வந்தது. மூன்றும் மிகே, மூன்றும் பெண். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொப்பி ஒரே மாதிரி இருக்கும். அதற்குக் கீழே ஒரு திட்டுகூட இன்னொன்றோடு பொருந்தாது.