கருத்தடை மாத்திரை: சட்டத்துக்குத் தெரிந்தது மக்களுக்குத் தெரியவில்லை

புது தில்லி: ஆரணியாற்றில் வெள்ளம் வரும்போதுதான் பிச்சாட்டூரின் பெயர் தமிழகச் செய்திகளில் அடிபடும். அங்குள்ள அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டால் ஊத்துக்கோட்டை உள்ளிட்ட கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுவது வழக்கம். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய இந்த எல்லையோரப் பகுதியில் தெலுங்கோடு தமிழும் புழங்குகிறது.

ஆற்றைப் போலவே எல்லை பாராமல் இரு மாநிலங்களுக்கும் பொதுவாக இருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாடு என்றாலே, குழந்தைகள் பிறந்த பிறகு பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை என்று பொருள்கொள்வதே அது.

2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு இதை உறுதி செய்கிறது. நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரையைப் பயன்படுத்துவோர் 5.1 சதவீதம் மட்டுமே. ஆந்திரத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் சுமார் 70 சதவீதம். தமிழகத்தில் பாதிக்கும் மேல். ஆந்திரத்தில் மாத்திரையை நம்பியிருப்போர் ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆண்களோ நாடு முழுவதும் 0.3 சதவீதம்தான்.

முதல் குழந்தையைத் தள்ளிப்போட விரும்பும் இளம் தம்பதியருக்கும், இரு பிரசவங்களுக்கு இடையே இடைவெளி வேண்டும் என நினைக்கும் தாய்க்கும் அறுவைச் சிகிச்சை தீர்வாகாது. அவர்கள் மாத்திரையை நாடும்போது எழும் முதல் கேள்வி, "இதை நம்பலாமா?" என்பதே.

இரண்டு கணக்குகள்

உலக சுகாதார நிறுவனம் இதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. நாள் தவறாமல் முறையாக உட்கொண்டால், ஓராண்டில் 100 பெண்களில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது, கணக்கின்படி 0.3 பேர். ஆனால் மறதி, தாமதம், இடைநிறுத்தம் ஆகியவற்றுடன் நடைமுறையில் உட்கொள்ளும்போது இது 7 பேராக உயர்கிறது. இரு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மருந்தின் குறையால் வருவதன்று. உட்கொள்ளும் முறையால் வருவது.

அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படும் "மாலா-என்" அட்டையில் 28 மாத்திரைகள் உள்ளன. அவற்றில் 21 மட்டுமே ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இரும்புச்சத்து மாத்திரை தவறினால் கருத்தரிக்கும் அபாயம் இல்லை. ஹார்மோன் மாத்திரை ஒன்று தவறினால், நினைவு வந்தவுடன் அதை உட்கொண்டு, மற்றவற்றை வழக்கம்போலத் தொடர வேண்டும். தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், மாத்திரையைத் தொடர்வதுடன் 7 நாள்களுக்கு ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பும் தேவை. மாத்திரை உட்கொண்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மற்றொன்றை உட்கொள்ள வேண்டும்.

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான சில மருந்துகள் ஆகியவை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கும். காசநோயாளிகள் மிகுந்த நம் நாட்டில் இந்த எச்சரிக்கை முக்கியமானது. உயர் ரத்த அழுத்தம், ரத்த உறைவு உள்ளவர்களும், பிரசவித்து 6 மாதம் நிறைவடையாத, பாலூட்டும் தாய்மார்களும் ஹார்மோன்கள் இரண்டு கலந்த இம்மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது.

பாலூட்டும் தாய்மார்களுக்கு வேறு வழி உள்ளது. லக்னௌவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த "சாயா" மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதங்கள் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் உட்கொண்டால் போதும்.

மாத்திரையால் நிரந்தர மலட்டுத்தன்மை வரும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். கருவுற்றது தெரியாமல் உட்கொண்டிருந்தாலும் சிசுவுக்குப் பாதிப்பு ஏற்படுவதாக அறியப்படவில்லை.

நாடாளுமன்றம் ஏற்ற உண்மை

கருத்தடை முறை தோல்வியடையக் கூடும் என்பதை நாடாளுமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தோல்வியால் ஏற்படும் கர்ப்பம் பெண்ணின் மனநலத்துக்குக் கடும் பாதிப்பு விளைவிப்பதாகக் கொள்ளலாம் எனக் கூறியது. ஆனால் "மணமான பெண் அல்லது அவரது கணவர்" என்று அது வரையறுத்திருந்தது.

2020 மார்ச்சில் மக்களவையும், 2021 மார்ச்சில் மாநிலங்களவையும் நிறைவேற்றிய திருத்தத்தில் அச்சொற்கள் "பெண் அல்லது அவரது இணையர்" என மாற்றப்பட்டன. இதன்படி, 20 வாரம் வரையிலான இத்தகைய கர்ப்பத்தைக் கலைக்கப் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்து போதும். பெண்ணின் அடையாளம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பிலும் மணமாகாத பெண்களை ஒதுக்கிவைக்கக் கூடாது என 2022 செப்டம்பர் 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, மாத்திரை தவறும் என்பது சட்டத்துக்குத் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும். மாத்திரையைக் கையில் வாங்கும் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு மட்டும், அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கையே பெரிதாக மதிக்கப்பட்ட காலத்தில் பின்தள்ளப்பட்டுவிட்டது.

காற்று இப்போது திசை மாறி வீசுகிறது. இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடத் தடை விதித்த 1994ஆம் ஆண்டின் விதியை, ஆந்திர சட்டப்பேரவை 2024 நவம்பரில் நீக்கியது. மக்கள்தொகை குறைவது குறித்த கவலையே இதற்குக் காரணம். பிள்ளைகளைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன காலத்திலும், கூட்டிக்கொள்ளச் சொல்லும் காலத்திலும் பேசப்படுவது எண்ணிக்கைதான்.

1952ஆம் ஆண்டிலேயே தேசிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி உலகுக்கு வழிகாட்டிய நாடு இது. பிச்சாட்டூர் அணை திறந்தால் கடைசிக் கிராமம் வரை எச்சரிக்கை போய்ச் சேருகிறது. "ஒரு மாத்திரை தவறினால் என்ன செய்வது?" என்ற கேள்விக்கான விடையும் அதேபோல் போய்ச் சேர வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது, கிராமச் சுகாதாரப் பணியாளர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரமும் பயிற்சியும் அளித்தாலே போதும்.