கல்தூணில் தெரிந்த தாத்தா

ராயப்பன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டம். பந்தலைத் தாங்கும் கல்தூண் ஒன்றில், காலை ஏழரை மணிக்கு ஒரு கிழவர் முகம் தெரிகிறது. உளி பட்ட ரெண்டு பள்ளம் கண்கள், நடுவில் துருத்திய மேடு மூக்கு, கீழே ஒரு விரிசல் வாய். மொபைலில் எடுத்தேன். மத்தியானம் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தால் வெறும் கல்!

காரணம் எளிது. காலை வெயில் பந்தலுக்கு அடியில் சாய்வாக நுழைகிறது. பள்ளங்களில் நிழல் விழுகிறது. உச்சி வெயிலை இலைகள் மறைத்துவிட, நிழல் போய்விடுகிறது. கூடவே முகமும்.

மிச்ச வேலை நம் மூளையுடையது. முகம் போலத் தெரியும் பொருளைப் பார்த்த சுமார் 165 மில்லி விநாடியிலேயே, முகத்தை அறியும் மூளைப்பகுதி இயங்குவதை 2009-ல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. யோசித்து முடிவெடுக்க அவகாசமே இல்லை பாருங்கள். இதற்குப் பேரிடோலியா என்று பெயர். நிலாவில் வடை சுடும் பாட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக்கமானதுதான். அது ஏன் கிழவி இல்லாமல் கிழவர்? இப்படித் தெரியும் முகங்களைப் பெரும்பாலானோர் ஆணாகவே பார்க்கிறார்கள் என்கிறது 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு.

பெரிய உதாரணம் செவ்வாய். 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 எடுத்த படத்தில் ஒரு மனித முகம். நிழலின் வேலை என்று நாசா அப்போதே சொல்லியும் கதைகள் நிற்கவில்லை. 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் இன்னும் துல்லியமாக எடுத்தபோது அது ஒரு குன்றுதான்.

அதனால் எனக்கு ஒரு விதி உண்டு: ஒரே இடம், ஒரே உயரம், ரெண்டு நேரம். நேரத்தைக் குறித்துக்கொள்வது. கோடு இழுத்து 'திருத்துவது' கூடாது.

தோட்டத்துப் பெரியம்மாவிடம் ரெண்டு படத்தையும் காட்டினேன். காலைப் படத்தைப் பார்த்ததும், "எங்க அப்பாரு மாதிரியே இருக்காருப்பா" என்றார். மத்தியானப் படத்தைத் தள்ளிவிட்டு, "இது வேணாம். அதை மட்டும் அனுப்பு" என்றார்.

ஒன்றை மட்டும் அனுப்பினால் நாளைக்கு அது வாட்ஸ்அப்பில் அதிசயமாகிவிடும். ரெண்டையும் அனுப்பினேன். மறுநாள் போனபோது அவர் தூணருகே நின்றிருந்தார். மணி ஏழரை.