கணக்கா, லெக்கவா?

மைசூர்த் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் "லெக்க போட்டுட்டேம்மா" என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. "கணக்கு என்று சொல்லேன்!" என்பார்கள். பள்ளிப் புத்தகத்தின் அட்டையிலோ 'கணித' என்றிருக்கும். ஒரே பாடத்துக்கு மூன்று பெயர்.

உலகெங்கும் இப்படித்தான். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்க 'மாதேமா'வுக்குக் கற்கப்படுவது என்று பொருள். அரபு 'ரியாதியாத்' பயிற்சி என்ற சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரரின் 'விஸ்குண்டே' உறுதியான அறிவு. சைமன் ஸ்டெவின் (1548–1620) ஆக்கிய சொல்லின் வழிவந்தது.

நம் பக்கம் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீராச்சாரியார் வடமொழியில் எழுதியது 'கணித சார சங்கிரகம்'. 12ஆம் நூற்றாண்டு ராஜாதித்யரின் கன்னட நூல் 'வியவகார கணித'. தமிழில் காரி நாயனார் செய்ததோ 'கணக்கதிகாரம்'! நமக்குப் பள்ளிப் பாடமும் கணக்கு, மளிகைக் கடைப் பாக்கியும் கணக்கு. கன்னடத்தாரின் லெக்கவும் அப்படியே இரண்டுக்கும் உழைக்கிறது.

ஆகவே பிள்ளையைத் திட்டுவானேன்? இரண்டு சொல்லையும் அருகருகே வைத்துக் காட்டாமல் விடுவதுதான் நஷ்டம். தமிழில் எண்ணுதல் என்றால் ஒன்று, இரண்டு என்று தொகை பார்ப்பது; நினைப்பதும் அதுவே. கன்னட 'எணிசு'வுக்கும் அவ்விரு பொருளும் உண்டு. எண்களைச் சொல்லிப் பார்த்தால் இன்னும் நெருக்கம்: மூன்று மூரு, நான்கு நால்கு, ஐந்து ஐது. பத்துதான் கொஞ்சம் வேஷம் மாறி ஹத்து. பால் அங்கே ஹாலு ஆனதைப் போல.