சங்கராபரணம் படப்பாடல்கள்: எது கீர்த்தனை, எது புதுப்பாட்டு?

தமிழ்ச் சங்க மலரில் தெலுங்குப் படத்துப் பாட்டுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் விழாக்களில் யாராவது ஒரு பிள்ளை மேடையேறி ‘சாமஜவரகமனா’ பாடாமல் இருப்பதில்லை. ‘தியாகராஜர் கிருதி’ என்று மைக்கில் அறிவிப்பார்கள். பிள்ளை பல்லவி முடிந்ததும் சினிமாப் பாட்டுக்குள் போய்விடும். முன்வரிசைப் பெரியவர் முகம் சுளிப்பார். எதற்குச் சுளிக்கிறார் என்று பெற்ற தாய்க்கே புரியாது. பிள்ளை ஸ்ருதி பிசகாமல்தானே பாடிற்று!

அதனால் இந்தப் படத்தில் எது பழைய சரக்கு, எது புதுச் சரக்கு என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பிரித்து அடுக்குவது வியாபாரிக்குப் பழகின வேலைதானே.

கே. விஸ்வநாத் இயக்கிய ‘சங்கராபரணம்’ 1980 பிப்ரவரி 2-ஆம் தேதி வெளியானது. சங்கர சாஸ்திரியாக ஜே. வி. சோமயாஜுலு நடித்தார். இசை நம் கே. வி. மகாதேவன். ‘நம்’ என்று உரிமையோடு சொல்லக் காரணம், அவர் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில்காரர். ‘திருவிளையாடல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ படங்களுக்கு இசையமைத்த அதே மகாதேவன். 1967-இல் ‘கந்தன் கருணை’க்காகத் தேசிய விருது பெற்றவர், சங்கராபரணத்துக்காக இரண்டாம் முறை பெற்றார். அதே படத்துக்கு எஸ். பி. பாலசுப்ரமணியமும் வாணி ஜெயராமும் பாடகர் விருதுகளைப் பெற்றார்கள். வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர். திருமணமாகி பம்பாய் போய், அங்கே உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டு, 1971-இல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்தில் அறிமுகமானவர். வெளிமாநிலத்துக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம் என்றால் அவர் நம்மில் ஒருவர்தான்.

இனி பாட்டுக்கு வருவோம். முதல் வகை, முழுக்கப் பழையவை. ‘ப்ரோசேவாரெவருரா’ மைசூர் வாசுதேவாச்சாரியார் இயற்றிய கமாஸ் கிருதி. ‘மானஸ சஞ்சரரே’ சதாசிவ பிரம்மேந்திரருடையது, சாமா ராகம், மொழி சமஸ்கிருதம். அவர் அதிஷ்டானம் கரூர் பக்கத்து நெரூரில் இருக்கிறது. ‘ஏ தீருக நனு’ பத்ராசல ராமதாசர் பாடியது, நாதநாமக்கிரியை. தெலுங்குப் படம் என்கிறோம், ஆனால் பாட்டெல்லாம் மைசூரிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் கோதாவரிக் கரையிலிருந்தும் வந்திருக்கிறது பாருங்கள்.

இரண்டாம் வகை, முழுக்கப் புதியவை. ‘ஓங்கார நாதானு’, ‘சங்கரா நாதசரீராபரா’, ‘ராகம் தானம் பல்லவி’ மூன்றும் வேட்டூரி சுந்தரராமமூர்த்தி எழுதியவை. இவற்றைக் கீர்த்தனை என்று நினைத்துக்கொண்டு யார் எழுதியது என்று தேடினால் எந்தக் கிருதிப் புத்தகத்திலும் கிடைக்காது.

மூன்றாம் வகையில்தான் குழப்பம். ‘சாமஜவரகமனா’ என்ற எடுப்பு தியாகராஜருடையது, ராகமும் அவருடைய ஹிந்தோளமே. ஆனால் பல்லவிக்குப் பிறகு வரும் சரணங்கள் வேட்டூரியுடையவை. அது காதல் பாட்டு. தியாகராஜரோ கண்ணனை, சாமவேதத்தில் பிறந்த நாதத்தை எண்ணிப் பாடினார். படத்தில் சாஸ்திரியின் மகளுக்கும் ஓர் இளைஞனுக்கும் இடையே அரும்பும் அன்புக்கு அந்தப் பல்லவி போகிறது. ‘தொரகுனா இடுவண்டி சேவ’வும் இப்படித்தான். எடுப்பும் பிலஹரி ராகமும் தியாகராஜர், மற்றதெல்லாம் வேட்டூரி. முந்தானை பழைய நெசவு, உடல் புது நெசவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலை அழகுதான், ஆனால் விற்கும்போது உள்ளதைச் சொல்லி விற்க வேண்டும். தியாகராஜ ஆராதனையில் பாடுவதென்றால் மூலக் கிருதியைக் கற்றுப் பாடட்டும். ஆண்டு விழாவில் படப்பாட்டைப் பாடட்டும், வேட்டூரி பேரைச் சொல்லிவிட்டுப் பாடட்டும். இதில் சண்டைக்கு இடமே இல்லை.

இந்த ஒட்டு வெளியே தெரியாமல் இருப்பது மகாதேவனின் கைவேலை. மெட்டைக் கொடுத்து அதற்கு வார்த்தை போடச் சொல்லுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எழுதின வரியை வாங்கி, அதன் நீட்டலும் குறுக்கலும் எப்படி இருக்கிறதோ அப்படியே மெட்டை இறக்குவார். அதனால் வார்த்தை உடைவதில்லை. வார்த்தை உடையாத இடத்தில் ராகமும் உடைவதில்லை. கச்சேரியில் அரைமணி விரியும் கமாஸை நாலைந்து நிமிடத்துக்குள் அடக்கியும் அதன் முகம் மாறவில்லை என்றால் காரணம் இதுதான். பாடினவரோ முறையாகக் கர்நாடக சங்கீதம் பயிலாதவர்! பாலசுப்ரமணியம் 2020-இல் காலமாகும் வரை அதை மேடையிலேயே மறைக்காமல் சொல்லிவந்தார்.

வடக்கே வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் இந்துஸ்தானி கேட்பவர்கள். அவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹிந்தோளம்தான் அங்கே மால்கௌன்ஸ். ‘பைஜு பாவ்ரா’வில் (1952) நௌஷாத் இசையில் முகம்மது ரஃபி பாடிய புகழ்பெற்ற பஜனை அந்த ராகம்தான். சங்கராபரணம் அங்கே பிலாவல், மத்யமாவதி அங்கே மத்மாத் சாரங். கமாஸும் கமாஜும் பேரில் மட்டுமல்ல, சாயலிலும் உறவு. ஒன்றைக் கேட்டபின் மற்றதைப் போட்டுக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும்.

சங்கராபரணம் 29-வது மேளகர்த்தா. நம் ஓதுவார்கள் தேவாரத்தில் பழம்பஞ்சுரப் பண்ணை இந்த ராகத்தில்தான் பாடுகிறார்கள். ஆகவே ‘தெலுங்கு ராகம், தெலுங்குப் படம்’ என்று ஒதுக்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கணும். மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் இதே ஏழு சுவரம்தான். படத்தில் இளவட்டங்கள் சில பேர் ராத்திரியில் வீட்டு வாசலில் மேல்நாட்டுப் பாட்டைப் பாடிச் சாஸ்திரியைக் கேலி செய்வார்கள். அவர் அதையே சுவரமாகத் திருப்பிப் பாடிவிட்டு, தான் பாடுவதை அவர்கள் திருப்பிப் பாடட்டும் என்பார். அவர்களால் முடியாது. சுவரம் ஏழும் ஒன்றுதான், சுவரத்தை அசைக்கும் கமகம் வேறே. அதைத்தான் அவர்களால் பிடிக்க முடியவில்லை.

கடைசிப் பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிலஹரி காலை ராகம், உற்சாகமான ராகம். தியாகராஜர் அதில் ‘நா ஜீவாதாரா’ பாடி உயிர் போன ஒருவரை எழுப்பினார் என்று கர்ண பரம்பரைக் கதை உண்டு. அந்த ராகத்தில்தான் சங்கர சாஸ்திரி மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்கிறார். சாவுக் காட்சிக்கு முகாரியைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். இங்கே பிலஹரி நிற்கவில்லை. அவரிடம் கற்ற சிறுவன் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாடுகிறான். அந்தச் சிறுவனுக்குக் குரல் கொடுத்தவர் வாணி ஜெயராம். படம் வெளியாகி 43 ஆண்டுகள் நிறைந்த 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி விஸ்வநாத் காலமானார். இரண்டு நாள் கழித்து, 4-ஆம் தேதி, வாணி ஜெயராமும் மறைந்தார். அந்த வாரம் எங்கள் வீட்டில் ‘தொரகுனா’வைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்.