காற்றில் அமோனியா கூடுவது யாரால்?

வட சீனச் சமவெளியின் மேலே 2008-க்கும் 2016-க்கும் இடையில் அமோனியா வாயு சுமார் 30 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. கோதுமையும் மக்காச்சோளமும் யூரியாவும் கால்நடைப் பண்ணைகளும் நிறைந்த நிலம் அது. உழவர்கள் உரத்தை அளவின்றிக் கொட்டுகிறார்கள் என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, அதே காலத்தில் அங்கே நிலத்திலிருந்து வெளியேறிய அமோனியா சுமார் 7 சதவீதம் குறைந்திருந்ததாகக் கணக்கிட்டது. உர வகைகளும் கால்நடை வளர்க்கும் முறையும் மாறியதே அதற்குக் காரணம். கிணற்றில் நீர்மட்டம் ஏறினால் மழை பெய்தது என்றுதான் பொருளா? இறைப்பது நின்றுபோயிருக்கலாம். சீனாவில் நடந்தது இரண்டாவது வகை.

அமோனியாவை இறைத்துக்கொண்டிருந்தது நிலக்கரிப் புகை. அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் அமோனியாவைப் பிடித்துக்கொண்டு அமோனியம் சல்பேட் என்ற நுண்துகளாகிறது. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் பி.எம். 2.5 மாசில் கணிசமான பங்கு இப்படிக் காற்றிலேயே பிறப்பதுதான். புகைபோக்கிகளில் கந்தக நீக்கக் கருவிகள் வந்தன. சமவெளியின் கந்தக வெளியேற்றம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் விழுந்தது. பிடிக்க அமிலம் இல்லாததால் அமோனியா வாயுவாகவே தங்கிவிட்டது. நெதர்லாந்திலும் இதன் சாயல் உண்டு. எருவை மண்ணுக்குள் செலுத்த வேண்டும், தொட்டிகளை மூடி வைக்க வேண்டும் என்ற சட்டங்களால் 1990 முதல் வெளியேற்றம் பாதிக்கும் கீழே வந்தும், 2005-க்குப் பிறகு காற்றில் அளந்த அமோனியா மெல்ல ஏறத் தொடங்கியது. ஆக, வாயுவின் அளவை மட்டும் வைத்து வயலையோ பண்ணையையோ குற்றம் சொல்வது தவறு. கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அமோனியாவும் சேர்ந்து செய்யும் துகளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்படியானால் அமோனியாவை விட்டுவிடலாமே, அமிலங்களைக் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. அமோனியா மிதமிஞ்சி இருக்கும் இடத்தில் அதைக் கொஞ்சம் குறைப்பதால் துகள் குறையாது. துகளின் அளவை அங்கே அமிலமே தீர்மானிக்கிறது. பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி பி.எம். 2.5, கன மீட்டருக்கு 2013-இல் 89.5 மைக்ரோகிராமாக இருந்து 2022-இல் 30-ஆக இறங்கியதும் பெரும்பாலும் புகையைக் கட்டுப்படுத்தியதால்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5. மிச்சத் தூரத்தில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு மூலக்கூறு அமோனியம் சல்பேட் உருவாகாமல் போனால் இரண்டு அமோனியா விடுபடும். அவை குளிர்காலத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து பிறக்கும் நைட்ரிக் அமிலத்தைச் சந்தித்தால் இரண்டு அமோனியம் நைட்ரேட்டாகும்; அவற்றின் எடை பழைய சல்பேட்டைவிடக் கூடுதல். பெய்ஜிங்கின் குளிர்காலப் புகைமூட்டத்தில் சல்பேட்டை நைட்ரேட் முந்தியிருப்பதைப் பார்க்கும்போது, கந்தகத்தோடு நின்றுவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அமோனியாவை மட்டும் குறைத்தால் அமில மழை கூடும் என்று 2019-இல் சீனாவைப் பற்றி வந்த ஆய்வும் எச்சரித்தது. அதுவும் கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடுகள், அமோனியா மூன்றையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்ற பக்கம்தான் நிற்கிறது. உணவு உற்பத்தி பாதிக்கும் என்ற அச்சத்துக்கு ஒன்று சொல்லலாம்: காற்றில் போகும் அமோனியா பயிருக்குப் போகாத உரம். மண்ணின் மேலே வீசிய யூரியாவிலிருந்து அது அதிகம் பறக்கிறது. மண்ணுக்குள் ஆழமாக வைத்தால் இழப்பு குறையும். அதற்கான கருவியின் செலவை உழவர் தலையில் சுமத்தாமல் அரசு ஏற்பதே நியாயம்.

இந்தியாவுக்கு இது தள்ளி நிற்கும் விஷயம் அல்ல. உலகிலேயே அமோனியா மிகச் செறிந்த பகுதிகளில் ஒன்று கங்கைச் சமவெளி. 2007-க்குப் பிறகு பத்தாண்டுகளில் சீனாவின் கந்தக வெளியேற்றம் 75 சதவீதம் குறைந்தபோது இந்தியாவுடையது 50 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் ஆய்வு கண்டது. அமிலத்துக்கும் பஞ்சமில்லை, அமோனியாவுக்கும் பஞ்சமில்லை. டெல்லியில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அமோனியாவைப் பிடித்துத் துகளை வளர்க்கிறது என்று சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். ஆனால் 2009-இல் வகுத்த நம் தேசியக் காற்றுத் தர விதி ஒவ்வொரு வாயுவையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறது. 24 மணி நேரச் சராசரியில் அமோனியாவுக்கு 400 மைக்ரோகிராம், கந்தக டை ஆக்சைடுக்கு 80. இந்த வரம்புகளுக்குள் இருந்தபடியே இரண்டும் சேர்ந்து துகள்களை உண்டாக்கிவிட முடியும். காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்ற வாதமும் துணைநிற்க, 2025 ஜூலையில் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. வாயுவாகத் தங்காமல் துகளாக மாறிவிட்ட கந்தகம் அந்த வாதத்தில் வரவே இல்லை. அமோனியா, அமோனியம், சல்பேட், நைட்ரேட் நான்கையும் ஒரே நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் அளந்து வெளியிட்டால் மட்டுமே இப்படியொரு விலக்கு சரியா என்று மக்கள் கேட்க முடியும்.